மாஸ்டர் பிளான் முதல் ஹாக்கா வரை: சேலத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நகரமைப்புச் சொற்கள்

பேப்பரின் உள்பக்கத்தில், காணாமல் போன பத்திர அறிவிப்புகளுக்கு நடுவே, பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு வரும். இன்ன கிராமம், இன்ன புல எண், இத்தனை ஏர்ஸ் நிலம் 'விவசாய உபயோகத்திலிருந்து குடியிருப்பு உபயோகத்திற்கு' மாற்றப்பட உள்ளது, ஆட்சேபனை இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று இருக்கும். எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த சோளக்காட்டுக்கும் அப்படி ஓர் அறிவிப்பு வந்தது. அன்றைக்கு அந்தப் பேப்பரை நான் படிக்கவும் செய்தேன். புல எண் தெரியாததால், அது எதிர்க்காடு என்று தெரியாமல் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். சில மாதம் கழித்து ஜே.சி.பி. வந்து நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. காட்டோரமாக மழைத்தண்ணீர் ஓடிய ஓடை ஒரே வாரத்தில் மண்ணுக்குள் போனது. அடுத்த ஐப்பசியில் தண்ணீர் எங்கள் தெருவில் முழங்கால் அளவு நின்றது.

ஆட்சேபனை சொல்ல எங்களுக்கு உரிமை இருந்தது, நாளும் இருந்தது. சொல்லத்தான் தெரியவில்லை. அதனால்தான் இந்த வழிகாட்டி. உங்கள் சொந்த மனையிலிருந்து தொடங்கி, ஊர், மலை என்று போகலாம்.

முதல் படி: உங்கள் நிலத்தின் பெயர்

அரசாங்கத்துக்கு உங்கள் நிலம் 'முருகன் கோயில் பின்னாடி காடு' கிடையாது. அதற்குத் தெரிந்தது புல எண்ணும் உட்பிரிவு எண்ணும்தான். பேச்சில் சர்வே நம்பர் என்போம். 112/3பி என்றால், 112ஆம் புலத்தின் மூன்றாவது உட்பிரிவில் 'பி' என்ற துண்டு. மாநகராட்சிக்குள் நகர அளவை முடிந்த இடங்களில் வார்டு, பிளாக், நகரப் புல எண் என்று மூன்றாக வரும். அதற்கான பதிவேட்டை டி.எஸ்.எல்.ஆர். என்பார்கள்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் இருக்கும். 0-12.50 என்று பார்த்தால் 12.5 ஏர்ஸ். ஓர் ஏர் 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். ஆக அது 31 சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதை மனப்பாடம் செய்துவிடுங்கள், நிறைய இடத்தில் உதவும்.

பட்டாவோடு நின்றுவிட வேண்டாம். புலப்படம் என்ற எஃப்.எம்.பி.யையும், 'அ' பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். வருவாய்த் துறையின் இணையதளத்தில் கிராமப்புற நிலங்களுக்கு இவற்றைப் பார்க்க முடியும். 'அ' பதிவேடு அந்த நிலம் நன்செய், புன்செய், நத்தம், புறம்போக்கு இவற்றில் எது என்று சொல்லும். நத்தம் என்றால் ஊர் குடியிருக்க விட்ட இடம். புறம்போக்கு என்றால் அரசுடையது. அதில் ஓடை, ஏரி, வண்டிப்பாதை என்று வகை எழுதியிருக்கும். எங்கள் எதிர்க்காட்டின் புலப்படத்தைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் இரண்டு கோடுகள் இணையாக ஓடுகின்றன, நடுவில் ஒரு தனி எண். அதுதான் ஓடைப் புறம்போக்கு. தரையில் அது இன்று தார்ச்சாலை. காகிதத்தில் இன்னும் ஓடை.

இரண்டாவது: எந்த எல்லை, யார் அதிகாரம்

சேலம் 1866இல் நகராட்சியானது, 1994இல் மாநகராட்சியானது. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என நான்கு மண்டலம், 60 வார்டு. ஆனால் மாநகராட்சி எல்லையும் திட்ட எல்லையும் ஒன்றல்ல. இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் வந்தது. மாநில அளவில் அதை நடத்துவது நகர் ஊரமைப்பு இயக்ககம், எல்லோரும் டி.டி.சி.பி. என்று சொல்வது அதைத்தான். ஊர் வளரும் திசைகளையும் சேர்த்து ஒரு 'திட்டப் பகுதி' அறிவித்து, அதைக் கவனிக்க உள்ளூர் திட்டக் குழுமம் அமைக்கிறார்கள். நகரத்தை ஒட்டிய பஞ்சாயத்தில் வீட்டு வரி கட்டுகிறவரின் நிலமும் திட்டப் பகுதிக்குள் வரலாம். அப்படியானால் குப்பை, தெருவிளக்குக்குப் பஞ்சாயத்து, மனைப்பிரிவுக்கு வேறு அலுவலகம். உங்கள் கிராமம் திட்டப் பகுதிக்குள் இருக்கிறதா என்ற ஒரு கேள்விக்குப் பதில் வாங்கிக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

மூன்றாவது: மாஸ்டர் பிளானை வாசிப்பது

மாஸ்டர் பிளான், அதாவது முழுமைத் திட்டம், என்பது ஊரின் ஒவ்வொரு துண்டு நிலத்தையும் எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் வரைபடமும் அதன் விதிகளும். குடியிருப்பு, வணிகம், தொழில், கல்வி, பொது உபயோகம், விவசாயம், திறந்தவெளி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். இதைத்தான் நிலப் பயன்பாடு அல்லது 'லேண்ட் யூஸ்' என்கிறோம். நிறங்களின் விளக்கம் வரைபடத்தின் மூலையிலேயே இருக்கும். முதலில் அதைப் பாருங்கள், பிறகு உங்கள் புல எண்ணைத் தேடுங்கள்.

இங்கே ஒரு குழப்பம் வரும். பட்டாவில் 'புன்செய்' என்று இருக்கிற நிலம், மாஸ்டர் பிளானில் 'குடியிருப்பு' ஆக இருக்கலாம். இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில். வருவாய்ப் பதிவு இந்த நிலம் இதுவரை என்னவாகக் கணக்கில் உள்ளது என்று சொல்கிறது. மாஸ்டர் பிளான் இனி என்னவாகலாம் என்று சொல்கிறது.

முழுமைத் திட்டத்துக்கு அடுத்து, விரிவு அபிவிருத்தித் திட்டம். அலுவலகப் பேச்சில் டி.டி. பிளான். நகரத்தின் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, இந்தச் சந்து இத்தனை அடிச் சாலையாகும், இந்த இடம் பூங்கா, இது பள்ளி என்று தெருத் தெருவாக வரைந்திருப்பார்கள். வீடு வாங்குகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது இது. வில்லங்கச் சான்றில் ஒன்றும் இருக்காது, பத்திரம் சுத்தமாக இருக்கும், ஆனால் டி.டி. பிளான் சாலை உங்கள் வரவேற்பறையைத் தாண்டிப் போகும்.

அப்படி ஒதுக்கப்பட்ட தனியார் நிலத்துக்குச் சட்டத்தின் 38ஆம் பிரிவு ஒரு கெடு வைத்திருக்கிறது. திட்ட அறிவிப்பு அரசிதழில் வெளியாகி 3 ஆண்டுக்குள், நிலத்தை எடுப்பதற்கான அறிவிப்போ உடன்பாட்டின்படி வாங்குவதோ நடக்காவிட்டால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகவே கருதப்படும். நிலத்துக்காரருக்கு இது பாதுகாப்பு. தெருக்காரர்களுக்கோ, வரைபடத்தில் பச்சையாக இருக்கிற பூங்கா உண்மையில் இல்லாமலே போகக்கூடும் என்பதற்கான எச்சரிக்கை. பூங்கா வேண்டுமென்றால் அந்த 3 ஆண்டுக்குள் வார்டு உறுப்பினரைத் துரத்த வேண்டும்.

நிலப் பயன்பாட்டை மாற்றுவதும் நடக்கும். சட்டத்தின் 32ஆம் பிரிவின் கீழ் அங்கீகரித்த திட்டத்தில் மாறுதல் செய்யலாம். உரிமையாளர் விண்ணப்பிப்பார், உள்ளாட்சியின் கருத்து கேட்பார்கள், பத்திரிகையில் அறிவிப்பு வரும், ஆட்சேபனை பார்ப்பார்கள், கடைசியில் அரசிதழில் வெளியாகும். நான் கோட்டைவிட்டது இதன் நடுவில் வரும் அந்தப் பத்திரிகை அறிவிப்பைத்தான்.

நான்காவது: லே-அவுட், 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற பொய்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சேலத்தில் நடுத்தரக் குடும்பங்கள் அதிகம் ஏமாந்தது இங்கேதான்.

ஒரு நிலத்தைப் புதுச் சாலை போடாமல் துண்டாக்கினால் அது உட்பிரிவு. சாலை போட்டு மனைகளாகப் பிரித்தால் அது மனைப்பிரிவு, அதாவது லே-அவுட். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும், அதன்மேல் உள்ளாட்சி இறுதி அங்கீகாரம் தரும். பஞ்சாயத்துத் தலைவர் தானாகவே மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தர முடியாது.

எங்கள் சின்ன மாமா 2009இல் அயோத்தியாப்பட்டணம் பக்கம் 1,200 சதுர அடி வாங்கினார். விற்றவர் காட்டிய நீலநிற வரைபடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஊதா மையில் வட்ட முத்திரை, பச்சை மையில் கையெழுத்து, நடுவில் 'பூங்கா' என்று ஒரு பச்சைக் கட்டம். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குங்க, சீல் பாருங்க, இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். மாமா என்னிடம் திரும்பி, "ஏன் கண்ணு, நீ படிச்சவன், சரியா இருக்கா?" என்று கேட்டார். நானும் சீலைப் பார்த்துத் தலையாட்டினேன். நாலு வருஷம் கழித்துப் போனால், பூங்கா இருந்த இடத்தில் இரண்டு வீடு. அந்தப் பச்சைக் கட்டத்தையும் இரண்டு மனையாக விற்றிருந்தார்கள்.

ஓ.எஸ்.ஆர். என்ற சொல் தெரிந்திருந்தால் அன்றே கேட்டிருப்பேன். திறந்தவெளி ஒதுக்கீடு என்பது அதன் பொருள். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாக விட வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் பணம் கட்டித் தப்பிக்க வழியில்லை, இடமாகவே தர வேண்டும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 ஏக்கர் என்பது சுமார் 20,230 சதுர மீட்டர். சாலைக்கு 4,000 போனதாக வைத்துக்கொண்டால் மீதி 16,230. அதில் 10 சதவீதம் 1,623 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 40 சென்ட். ஐந்து ஏக்கர் லே-அவுட்டில் பத்து சென்ட் முக்கோணத்தைக் காட்டி 'பார்க்' என்றால், மீதி 30 சென்ட் எங்கே என்று கேளுங்கள்.

அந்த இடமும் சாலைகளும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போய்ச் சேர வேண்டும். தானப் பத்திர எண் கேளுங்கள். அது பதிவாகியிருந்தால் பூங்கா ஊர்ச் சொத்து, 38ஆம் பிரிவின் கெடு அதைத் தொடாது. பதிவாகவில்லையென்றால் பச்சைக் கட்டம் வெறும் மைதான்.

மாமாவின் மனைக்கு என்ன ஆயிற்று? அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பிறகு 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அந்த அக்டோபர் 20க்குள் விற்ற மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை வாங்கலாம் என்றார்கள். மாமா கட்டினார், ஆணை வாங்கினார். அதனால் இன்று அந்த மனை விற்கலாம், வங்கிக் கடன் கிடைக்கும். பூங்கா மட்டும் திரும்ப வரவில்லை. 'வரன்முறைப்படுத்தப்பட்டது' என்பது 'அங்கீகரிக்கப்பட்டது' என்பதற்குச் சமம் அல்ல என்று இனி விளம்பரத்தைப் பார்க்கும்போது நினைவில் வையுங்கள்.

இப்போது வாங்குகிறவர்களுக்கு இன்னொரு கவசம் உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீட்டுக்கு மேலோ திட்டம் போட்டு விற்பவர், விற்கத் தொடங்கும் முன் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிய வேண்டும். பதிவு எண் இல்லாத விளம்பரத்துக்கு முன்பணம் தராதீர்கள்.

ஐந்தாவது: வீடு கட்டும்போது

திட்ட அனுமதி வேறு, கட்டட அனுமதி வேறு. இந்த நிலத்தில் இந்த உபயோகத்துக்கு இத்தனை பரப்பு வரலாம் என்பது திட்ட அனுமதி. அந்தக் கட்டடத்தை எழுப்பலாம் என்று உள்ளாட்சி தருவது கட்டட அனுமதி. சின்ன வீட்டுக்கு இரண்டையும் உள்ளாட்சியிலேயே முடித்துக்கொள்ளலாம். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர்களுக்கு, 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் அனுமதி உடனே வரும். ஆனால் விவரம் தவறானால் பொறுப்பு உங்களுடையது.

எஃப்.எஸ்.ஐ. என்பது தளப்பரப்புக் குறியீடு. எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி மனைப் பரப்பால் வகுத்தால் வரும் எண். உயரமில்லாத சாதாரணக் கட்டடங்களுக்கு இது 2. அதாவது 30க்கு 40 மனை, 1,200 சதுர அடி என்றால், மொத்தம் 2,400 சதுர அடி கட்டலாம். கட்ட முடியுமா என்பது வேறு கேள்வி, ஏனென்றால் செட்பேக் விட வேண்டும். செட்பேக் என்பது எல்லையிலிருந்து கட்டடம் வரை விடும் காலி இடம். முன்பக்க அளவு எதிரே உள்ள சாலையின் அகலத்தைப் பொறுத்தது. கணக்குக்காக முன்னால் 5, பின்னால் 3, ஒரு பக்கம் 3 அடி என்று வைப்போம். மீதி 27க்கு 32, அதாவது ஒரு தளத்துக்கு 864 சதுர அடி. 2,400ஐத் தொட மூன்றாவது தளம் வேண்டும். 'எஃப்.எஸ்.ஐ. ரெண்டு இருக்கு, ரெண்டு மாடி முழுசாப் போடலாம்' என்று மேஸ்திரி சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

சாலை விரிவாக்கக் கோடு உங்கள் மனைக்குள் வந்தால், செட்பேக்கை அந்தக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். ஐந்து ரோடு பக்கம் ஈரடுக்கு மேம்பாலம் வந்த பிறகு, பிரதான சாலைகளின் ஓரம் கடை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கோட்டின் அருமை தெரியும்.

ஆறாவது: கொண்டை ஊசி வளைவுக்கு மேலே

கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு, சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே கீழே கற்ற சொற்களோடு இன்னொரு சொல் சேர்கிறது: ஹாக்கா. மலையிடப் பாதுகாப்புக் குழுமம் என்பது தமிழ்ப் பெயர். 1990இல் அரசு இதை அமைத்து, எந்தெந்த மலைக் கிராமங்கள் இதற்குள் வரும் என்று பட்டியல் போட்டது. ஏற்காடு வட்டத்துக் கிராமங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன.

அங்கே மனைப்பிரிவோ பெரிய கட்டடமோ என்றால், வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகிய மூன்றும் தடையில்லாச் சான்று தர வேண்டும். மூன்றும் எதற்கு? காப்புக்காட்டு எல்லைக்கு எவ்வளவு பக்கம் என்று வனத்துறை பார்க்கும். சரிவில் மண் அரிக்குமா, தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று வேளாண் பொறியியல் துறை பார்க்கும். பாறையும் மண்ணும் எடை தாங்குமா, சரியுமா என்று புவியியல் துறை பார்க்கும். 'தடையில்லாச் சான்று விண்ணப்பித்திருக்கிறோம்' என்று சொல்லி வில்லா மனை விற்பவரிடம் மூன்று சான்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

சேர்வராயன் மலைக்குக் காபி 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் வந்தது. காபித் தோட்டங்களுக்கு 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனால் அது தோட்டப் பயிருக்காகத் தந்த விலக்கு. பெரிய எஸ்டேட்டைத் துண்டாக்கி விற்கிறார்கள் என்றால், அந்தக் கேள்வியையும் வக்கீலிடம் கேட்க வேண்டும். மலையாளி பழங்குடி மக்களுக்கு அரசு ஒப்படைத்த நிலம் என்றால் நிபந்தனைப் பட்டா இருக்கும். அதை வெளியாள் வாங்கக் கூடாது, வாங்க நினைக்கவும் கூடாது.

ஏற்காட்டில் நடப்பது கீழே உள்ளவர்களுக்கு எதற்கு என்று கேட்பவர்களை மூக்கனேரிக் கரைக்குக் கூட்டிப் போவேன். நடுவில் மரம் வளர்ந்த திட்டுகளோடு இன்று பறவைகள் தங்கும் அந்த ஏரிக்குத் தண்ணீர் மலையடிவாரத்திலிருந்துதான் வருகிறது. திருமணிமுத்தாறும் சேர்வராயன் மலையில் பிறந்துதான் ஊருக்குள் வருகிறது. மேலே ஒரு சரிவை வெட்டினால், வண்டல் வந்து படிவது நம் ஏரியில்.

ஏழாவது: நில எடுப்பு அறிவிப்பு வந்தால்

சேலம்-சென்னை எட்டுவழிச் சாலைக்கு 2018இல் கல் நட்டபோது நம் மாவட்டம் கற்றுக்கொண்ட சொல் '3ஏ'. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில் நிலம் எடுக்கும் எண்ணத்தை அறிவிக்கும் பிரிவு அது. அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் ஆட்சேபனை தர வேண்டும். அடுத்து வரும் '3டி' வெளியானால் நிலம் மத்திய அரசுடையதாகிவிடும். அந்தச் சாலைக்கான அறிவிப்புகளை 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 3ஏ அறிவிப்புகள் செல்லும் என்றது. நீதிமன்றம் வரை போனவர்கள் கையில் இருந்ததும் புல எண், தேதி, பிரிவு எண் போட்ட காகிதங்கள்தான்.

கடைசிப் படி: எழுதிக் கொடுப்பது

மாஸ்டர் பிளான் வரைவு வெளியானால், ஆட்சேபனைக்கும் ஆலோசனைக்கும் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும் என்கிறது சட்டம். தனி நிலத்தின் உபயோக மாற்றமென்றால் அறிவிப்பில் போட்ட நாள் கணக்கு. கடிதம் ஒரு பக்கம் போதும். அறிவிப்பு வந்த பத்திரிகையும் தேதியும், கிராமம், புல எண், உங்கள் வீடு அங்கிருந்து எவ்வளவு தூரம், என்ன பாதிப்பு, அதற்கு ஆதாரம். 'எங்கள் பகுதி பாழாகும்' என்று எழுதினால் அலுவலர் கோப்பில் வைத்து மூடிவிடுவார். 'புல எண் இன்னதில் உள்ள ஓடைப் புறம்போக்கு இந்த நிலத்தின் கிழக்கு எல்லையில் ஓடுகிறது, புலப்பட நகல் இணைப்பு, ஓடையை விட்டு மனைப்பிரிவு வரைய வேண்டும்' என்று எழுதினால் அவர் பதில் எழுதியாக வேண்டும். நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள்.

பதில் வரவில்லையென்றால், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். 'ஏன்' என்று கேட்காமல் காகிதத்தின் நகலைக் கேளுங்கள்: அந்த மனைப்பிரிவின் அங்கீகார வரைபடம், தானப் பத்திரம், மூன்று துறைகளின் சான்று. கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சபையில் தீர்மானம் போட வையுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்குப் பகுதி சபை இருக்கிறது.

எங்கள் தெருவில் இப்போது எட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து சுற்றியுள்ள புலப்படங்களை அச்செடுத்து ஒட்டி, ஒரே பெரிய தாளாக்கி வைத்திருக்கிறோம். ஓடைகளை நீல ஸ்கெட்சில் வரைந்தது பக்கத்து வீட்டு அக்காவின் மகள். பேப்பரில் எந்தப் புல எண் வந்தாலும் அந்தத் தாளில் விரல் வைத்துப் பார்க்கிறோம். போன மாதம் ஒன்று வந்தது, ஏரி வாய்க்காலை ஒட்டிய புலம். கடிதம் கொடுத்தாகிவிட்டது, ஒப்புகை அட்டை என் மேசையில் இருக்கிறது.